பாய் வண்டியின் டொக்கும் நாகய்யாவின் பொட்டும்

காரை நின்றபடி பார்ப்பவர் அதை வாங்குகிறார், படுத்தபடி பார்ப்பவன்தான் அதை ஓட வைக்கிறான் என்பது எங்கள் தொழிலின் தலையெழுத்து. முதுகுக்குக் கீழே சாக்கு, கண்ணில் மண், மூக்கில் டீசல் என்று பாதி ஆயுளை வண்டிக்கு அடியில் கழித்த சகோதரர்களே, இதில் உங்களுக்குப் புதிதாக ஒன்றும் இருக்காது. ஆனாலும் படியுங்கள். நமக்கு மட்டுமா இப்படி என்று ஒரு நிம்மதியாவது கிடைக்கும்.

தச்சூர் கூட்டு ரோட்டில் என் பட்டறை. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் போகிற லாரிகளின் புழுதியைத் தின்று வளர்ந்தது, பட்டறையும் நானும். பழைய கார்களில் இன்ஜினின் பலத்தைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக, அடியில் ஒரு நீளக் குழாய் சுற்றும். அதுதான் ஷாஃப்ட். அதன் இரண்டு நுனியிலும் கூட்டல் குறி மாதிரி ஒரு இரும்பு உட்கார்ந்திருக்கும். அதை நாங்கள் கிராஸ் என்போம். உள்ளங்கையில் அடங்கிவிடுகிற சாமான்தான். ஆனால் அது தேய்ந்துவிட்டால் வண்டி பேச ஆரம்பிக்கும். அது என்ன பேசுகிறது என்று கேட்டுச் சொல்வதுதான் என் பிழைப்பு. எனக்குக் கோபம் கொஞ்சம் சீக்கிரம் வரும். பேரம் பேசாமல் பச்சைத் தண்ணீர்கூட வாங்க மாட்டேன். மற்றபடி நல்ல மனுஷன் என்று என் வீட்டிலேயே சொல்லியிருக்கிறார்கள், ஒருமுறை.

ஓர் ஆயுத பூஜை வாரத்தில் நடந்த சங்கதிகள் இவை.

பழவேற்காட்டிலிருந்து வந்த டொக்

பழவேற்காட்டில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்கிற ஷாகுல் பாய், வயதான வெள்ளை டீசல் கார் ஒன்றில் வந்து இறங்கினார். கூடவே மகள் ஜரீனா, மகன் நசீர். பையன் அத்திப்பட்டு மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் வேலையில் இருக்கிறான். வண்டியை ரிவர்ஸில் போட்டால் ‘டொக்’. முன்னால் எடுத்தால் இன்னொரு ‘டொக்’. விவகாரம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை ஜரீனாவுக்கு நிக்காஹ். முடிந்ததும் திருவள்ளூரில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டுக்கு இந்த வண்டியில்தான் போவேன் என்று பெண் ஒற்றைக்காலில் நிற்கிறாள். “வாடகை வண்டியில போனா யாரு போறான்னு யாருக்கு தெரியும்? இந்த வண்டின்னா பழவேற்காடே கை ஆட்டும்” என்பது அவள் கட்சி. புது வண்டிக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது, இதைத் திங்கட்கிழமை காயலான் கடையில் தள்ளிவிடலாம் என்பது தம்பி கட்சி. பாய் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த வண்டியை அவர் விட மாட்டார் என்பது, அவர் கதவைச் சாத்திய விதத்திலேயே தெரிந்தது. தூங்குகிற குழந்தையின் அறைக் கதவைச் சாத்துவது போலச் சாத்தினார்.

சாக்கை விரித்துக்கொண்டு உள்ளே போனேன். கிராஸ் இருக்கிற இடத்தில் ஒரு கையால் குழாயைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினேன். குழாய் திரும்பியது. அதோடு பூட்டியிருந்த மறுபக்கம் திரும்பவில்லை. நடுவில் ஒரு நெல்மணி நுழைகிற இடம். கிராஸின் ஓரத்தில் குங்குமம் சிந்தின மாதிரி சிவப்புத் தூள். கிரீஸ் காணாமல் காய்ந்து, உள்ளே இருக்கிற ஊசி ஊசியான பேரிங் எல்லாம் துருவாக அரைபட்டு வெளியே வந்தால் அப்படித்தான் இருக்கும். “ரெண்டு கிராஸும் மாத்தணும் பாய், வேற ஒரு கோளாறும் இல்ல” என்றேன்.

“இன்ஜினே அவுட்டுண்ணே. எங்க சைட்ல ஒருத்தர் ஃபோன்லயே சத்தத்தைக் கேட்டுட்டு சொல்லிட்டாரு” என்றான் நசீர். எனக்கு ஏறிவிட்டது. “ஃபோன்ல கேட்டவரு ஃபோன்லயே ரிப்பேரும் பண்ணுவாரா? கேட்டு சொல்லு, நானும் நாலு வண்டி அனுப்பறேன்.” பையனும் சும்மா விடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் ஹைவேயில் அறுபதில் ஓட்டிப் பார்ப்பானாம். டேஷ்போர்டு மேல் பாதித் தண்ணீரோடு ஒரு பாட்டில் வைப்பானாம். தண்ணீர் நடுங்கினால் வாடகை வண்டி, இது காயலான் கடைக்கு. “நடுங்கலன்னா?” என்றேன். “அக்கா இதுலயே போவட்டும்.” “அது பத்தாது. நீதான் ஓட்டிக்கினு போவணும். கல்யாணச் சட்டையோட, அந்தக் கருவாட்டு வாசனையோட.” கொஞ்ச நேரம் முகத்தைச் சுளித்துவிட்டுக் கை கொடுத்தான். கை கொடுத்த பிறகு ஜரீனா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னாள்: “அண்ணே, மூக்கைப் பொத்திக்கினு ஓட்டக் கூடாதுன்னும் சேத்துப் பேசுங்க.”

எலிக்குச் சுட்ட வடை

மறுநாள் காலையில் பாய் வண்டியைத் தூக்கி ஸ்டாண்டில் உட்கார வைத்துக்கொண்டிருந்தபோது, திருப்பாச்சூரிலிருந்து ஏகாம்பரம் என்கிற விவசாயி பழைய ஜீப்பில் வந்தார். பக்கத்து சீட்டில் அவர் மனைவி சரோஜாம்மா. அந்த அம்மா மடியில் ஓர் எலிப்பொறி. பொறிக்குள் அரை வடை. “வண்டிக்குள்ள எலி பூந்துகிச்சு. மெதுவா போனா கீச்சு கீச்சுன்னு கத்துது. வேகமா போனா பயந்துக்கினு கம்முனு ஆயிடுது. சீட்டெல்லாம் கழட்டிப் பாத்துட்டேன், ஆம்புடல” என்றார்.

சீட்டைக் கழற்றியவர் கீழே குனிந்து பார்த்திருக்கலாம். முன்பக்கத்துக் கிராஸ் ஒரு பொட்டு கிரீஸ் இல்லாமல் கோடைக்காலத்து ஏரி மாதிரி கிடந்தது. மெதுவாகச் சுற்றும்போது கீச்சிடும், வேகம் கூடினால் ரோட்டு இரைச்சலில் கேட்காது. கிரீஸ் கன்னை வைத்து நாலு அழுத்து அழுத்தி, ஒரு சுற்று ஓட்டிக் காட்டினேன். எலி செத்துப்போயிருந்தது. உடனே ஏகாம்பரம் பேரத்துக்கு வந்துவிட்டார். “எலியே இல்லன்னு நீயே சொல்ற. இல்லாத எலிய புடிச்சதுக்கு எதுக்குப்பா கூலி?” என் பேரம் எனக்கே திரும்பி வந்தால் எனக்குப் பிடிக்காது. “அப்டியா? கிரீஸத் தொடச்சு எலிய உள்ள வுட்டுடறேன், இட்டுக்கினு போ” என்று கத்திக்கொண்டு துணியை எடுத்தேன்.

அவர் பதில் பேசுவதற்குள் சரோஜாம்மா பொறியைத் தரையில் வைத்துவிட்டுப் புருஷனை மேலும் கீழும் பார்த்தார். “ஒரு மாசமா தெனம் ராத்திரி சுடச்சுட வடை வெச்சேன், காலைல பாத்தா காலியா கீது. எலியே இல்லன்னா அதைத் தின்னது எதுன்னு இப்பத்தான் எனக்கு வெளங்குது.”

வாயில் டியூப் வைத்த கார்

எலி போன அன்றைக்கு மத்தியானமே ஒரு கார் புரோக்கர் வந்தார், பழனி என்று பெயர். கூட ஒரு சார். செவ்வாப்பேட்டையிலிருந்து தினம் ரயிலேறி ஆபீஸ் போகிறவர், ரயில் கூட்டம் வெறுத்துப்போய்ப் பழைய கார் ஒன்று வாங்கப் பார்க்கிறார். வாங்கும் முன் யாரிடமாவது காட்ட வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்ததால் புரோக்கர் என்னிடம் கூட்டி வந்திருக்கிறார். புரோக்கர் காரை முன்னால் எடுத்தார், பின்னால் எடுத்தார். ஒரு சத்தம் கிடையாது. சாருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நான் சாக்கை விரித்துக்கொண்டு அடியில் போனேன். அந்த வயசு வண்டி வாயே திறக்கவில்லை என்றால் அது நலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை, வாயில் யாரோ துணி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

துணி இல்லை, சைக்கிள் டியூப். துண்டு துண்டாக வெட்டி, கிராஸ் ஆடுகிற இடைவெளியில் திணித்து, மேலே மெழுகினாற்போல் கிரீஸ் அப்பியிருந்தது. ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். கடைசித் துண்டும் வந்ததும் ரிவர்ஸில் போடச் சொன்னேன். போட்ட சத்தத்தில் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் நான் போட்ட சத்தத்தில், லாரிக்காரர் ஒருவர் ஏதோ செக்கிங் என்று நினைத்துக் கூட்டு ரோட்டில் ஓரம் கட்டினார். சார் பாவம், பிடுங்கின டியூப் துண்டுகளைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த ரயில் எத்தனை மணிக்கு என்று என்னிடமே விசாரித்தார். புரோக்கர் முகத்தில் மட்டும் ஒரு வருத்தமும் இல்லை. என் தோளில் கை போட்டுச் சொன்னார்: “கோச்சுக்காதண்ணே, நீ படுத்துப் பாக்கற ஆளுன்னு தெரிஞ்சிருந்தா அடியிலயும் ஒரு கோட்டு பெயின்ட் அடிச்சிருப்பேன்.”

ஒரே ஒரு சாக்பீஸ் கோடு

பெயின்ட் என்றதும்தான் என் வயிற்றெரிச்சல் ஞாபகம் வருகிறது. ஷாஃப்ட் இரண்டு துண்டு. ஒன்றுக்குள் ஒன்று பல் பல்லாகச் செருகியிருக்கும். பிரிப்பதற்கு முன்னால் இரண்டு துண்டுக்கும் குறுக்கே ஓர் அடையாளக் கோடு போட வேண்டும். திரும்பச் சேர்க்கும்போது அந்தக் கோடு கோட்டோடு சேர வேண்டும். எந்தப் பல் எந்தப் பள்ளத்தில் உட்கார்ந்திருந்ததோ அங்கேயே உட்கார்ந்தால்தான் எடை சரியாக நிற்கும். மாறினால் வேகம் பிடித்ததும் வண்டிக்குக் குளிர் காய்ச்சல் வந்துவிடும். இதற்குப் பெயின்ட்தான் வழக்கம். பட்டறையில் இருந்த டப்பா காய்ந்து கல்லாகியிருந்தது. புது டப்பாவுக்கு ஹார்டுவேர் கடைக்காரரிடம் பேரம் படியவில்லை. போய்யா என்று வந்துவிட்டேன். பாய் வண்டி ஷாஃப்டில் சாக்பீஸால் கோடு போட்டேன். வியாழக்கிழமை சாயங்காலம் புது கிராஸ் இரண்டும் ஏறிவிட்டன. சேர்த்துப் பூட்டுவது மட்டும் பாக்கி.

வெள்ளிக்கிழமை ஆயுத பூஜை. அன்றைக்கு ஸ்பேனரைத் தொடக்கூடாது, எல்லாம் சாமிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும். என் பட்டறையில் சாமான் கழுவிக் கிரீஸ் வைக்கிற வேலை நாகய்யாவுடையது. ஆரம்பாக்கத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், மீசையும் பக்தியும் பெரிசு. நான் பூசணிக்காய்க்கும் பொரிக்கும் பேரம் பேசிவிட்டு வருவதற்குள் அவர் ஜாக்கி, சுத்தியல், கிரீஸ் கன், துடைப்பம், டீ கிளாஸ் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து முடித்திருந்தார். ஜும்மா தொழுகை முடிந்து எட்டிப் பார்த்த ஷாகுல் பாயிடம் உத்தரவு கேட்டு, அவர் கார் பானெட்டுக்கும் ஒன்று. “வெய்யிப்பா, வண்டிக்கு நல்லதுன்னா ரெண்டா வெய்யி” என்று பாய் ஒரு கை பொரியை அள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் ஷாஃப்டைப் பார்த்தேன். இரண்டு துண்டும் டீசலில் குளித்துப் பளபளவென்று சாமிக்கு முன்னால் படுத்திருந்தன. துண்டுக்கு ஒரு பொட்டு. என் சாக்பீஸ் கோடு? கோடாவது, காடாவது! “யோவ், கோட்டை ஏன்யா தொடச்ச?” என்று நான் எடுத்த குரலில் கற்பூரம் அணைந்துபோனது. “நைனா, கோடு…” என்று ஏதோ சொல்ல வந்தார். “வாயத் தொறக்காத! பொட்டு வெக்கற கைக்குக் கோடு தெரியல?” என்று மேலே மேலே போனேன். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்கிற பயம் எனக்கு. பாய் பொரியை மெல்வதை நிறுத்திவிட்டார். நாகய்யா கற்பூரத்தை மறுபடி ஏற்றினார், துண்டை உதறித் தோளில் போட்டார், என்னைப் பார்க்காமல் ஜாக்கியைப் பார்த்துச் சொன்னார்: “நல்ல நாள் அதுவுமா வாய மூடச் சொன்ன இல்ல? நாளைக்கு வெளக்கு வெக்கிற வரைக்கும் தொறக்க மாட்டேன் நைனா.”

தண்ணீர் பாட்டில் சொன்ன தீர்ப்பு

சொன்னபடி செய்தார். சனிக்கிழமை முழுக்க பட்டறையில் என் குரல் மட்டும்தான். ஸ்பேனர் கேட்டால் ஸ்பேனர் வரும், பேச்சு வராது. கோடு இல்லாமல் சேர்க்க எனக்குத் தெரியாதா? குழாயின் இரண்டு கோடியிலும் கிராஸைப் பிடித்துக்கொண்டிருக்கிற காதுகள் ஒரே நேரில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். தராசு முள் மாதிரி நேர். பூட்டினேன். பூட்டும்போது நாகய்யா என் தோளைத் தட்டி, குழாயில் இருந்த பொட்டைத் தொட்டுக் காட்டினார். “தெரியுதுயா, சாமிய கும்புட்டுக்கறேன்” என்று கையை எடுத்துக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பார்த்தேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

நாலு மணிக்கு நசீர் வந்தான், கையில் பாட்டிலோடு. பாய் பின்சீட்டில் ஏறினார். கியரை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினேன், டொக் போன இடம் தெரியவில்லை. பாய்க்கு வாய் கொள்ளாத சிரிப்பு. ஹைவே ஏறினோம். நாற்பது, தண்ணீர் கண்ணாடி மாதிரி. ஐம்பது, லேசாக ஒரு சுருக்கம். அறுபது தொட்டதும் காலுக்கடியில் ஒரு கிறுகிறுப்பு கிளம்பி, சீட்டில் ஏறி, என் பல் வரைக்கும் வந்தது. பாட்டில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி ஆடியது. நசீர் குதிக்கவில்லை, ஜெயித்தேன் என்றும் சொல்லவில்லை. அது இன்னும் எரிச்சல். வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து நிறுத்தி, வாடகை வண்டிக்காரரைக் கூப்பிட ஃபோனை எடுத்தான். பாய் இறங்கவே இல்லை. முன்சீட்டின் முதுகில் கை வைத்து உட்கார்ந்தபடியே என்னைப் பார்த்துச் சொன்னார்: “பரவாயில்லப்பா, நீ உன்னால ஆனதைப் பாத்த; பொண்ணு கிட்ட மட்டும் நீயே சொல்லிடு, எனக்கு வாய் வரல.”

நாள் கிழமைக்குப் பேரம்

நூறு பேர் திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் ஆனதில்லை. இந்தப் ‘பரவாயில்லப்பா’ ஆளைக் கொன்றுவிட்டது. “நசீரு, ஒரு ஒரு மணி நேரம் குடு” என்றேன். “அரை மணி” என்றான். “முக்கா.” “சரி.” வண்டியைத் தூக்கிவிட்டு அடியில் போய்ப் படுத்தேன். பக்கத்தில் இன்னொரு சாக்கு வந்து விரிந்தது. நாகய்யா. என்னைப் பார்க்காமல், வாயையும் திறக்காமல், குழாயின் முன் துண்டில் இருந்த பொட்டைத் தொட்டார். அது மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பின் துண்டுக்குக் கையைக் கொண்டுபோனார். அதில் இருந்த பொட்டு கீழே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடி மேலே, மறுபடி கீழே. எனக்கு லேசாக உறைத்தது. “யோவ், அந்தப் பொட்டு எங்க பாத்து வெச்ச?” வெளியே கையை நீட்டி வானத்தைக் காட்டினார். இன்னும் வெளிச்சம் இருக்கிறதாம். விளக்கு வைக்கவில்லையாம்.

பேரத்தில் இறங்கினேன். வேறு வழி? “இனிமே ஆயுத பூஜை அன்னைக்கு கத்த மாட்டேன்” என்றேன். தலையை ஆட்டினார், பத்தாதாம். “பொங்கலுக்கும் கத்தல.” பத்தாது. “வெள்ளிக்கிழமை.” கொஞ்சம் யோசித்து, மூன்று விரல் காட்டினார். “இன்னாயா, வாரத்துல மூணு நாளா? பட்டறைய மூடிட்டுப் போக வேண்டியதுதான்! வெள்ளிக்கிழமை மட்டும், அமாவாசையும் தரேன். அதோட முடிச்சுக்க.” வண்டிக்கு வெளியே பொரி தின்றுகொண்டிருந்த நசீர் குனிந்து, “யார்கிட்டண்ணே பேசறீங்க?” என்றான். “பொட்டுகிட்ட” என்றேன். நாகய்யா மீசைக்குள் சிரித்துவிட்டார். சிரித்தால் வாய் திறந்தாகிவிட்டது, விரதம் முடிந்தது.

விஷயம் இதுதான். டீசலில் கழுவும் முன் என் கோட்டைப் பார்த்திருக்கிறார். கோடு போய்விடும் என்று தெரிந்து, அது இருந்த இடத்தை விட்டு விரலை எடுக்காமலேயே சுற்றிலும் துடைத்து, இரண்டு துண்டிலும் அதே இடத்தில் பொட்டு வைத்திருக்கிறார். நான் பார்த்த நேர் சரியான நேர்தான். ஆனால் அரைச் சுற்று மாற்றிச் செருகினாலும் காதுகள் அதே நேரில்தான் தெரியும், எடைதான் தலைகீழாகிவிடும். பொட்டுக்குப் பொட்டு முகம் பார்க்கிற மாதிரி திருப்பிச் செருகினோம். முக்கால் மணி முடிவதற்குள் ஹைவே. நாற்பது, ஐம்பது, அறுபது. நசீர் விடாமல் எழுபது போனான். தண்ணீர் அசையவில்லை. பின்சீட்டில் பாய் முந்தின நாள் மிச்சப் பொரியை மறுபடி மெல்ல ஆரம்பித்தார். இறங்கியதும் நாகய்யாவைக் கட்டிக்கொண்டேன். “இதை நேத்தே சொல்லக் கூடாதாயா?” என்று கேட்டால், அவர் நிதானமாகத் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “சொல்லத்தான் வந்தேன் நைனா, உன் வாய் மூடினாத்தான என் வாய் தொறக்கும்.”

சத்தம் காணாமல் போன கல்யாணம்

ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்கு எங்கள் இருவருக்கும் அழைப்பு. நாகய்யா சட்டைக்கு மேல் புதுத் துண்டு. எங்களுக்குத் தனியாக இலை போட்டு, மூன்றாவது முறையாகப் பிரியாணி வைத்தார் பாய். வேண்டாம் என்றால் கேட்பாரா? அவரோடு பேரம் பேசி ஜெயிக்க முடியாது. கரண்டி நிறைய எடுத்து இலையில் தட்டிவிட்டுப் போனார். கார் முழுக்கப் பூ. பானெட்டில் நாகய்யாவின் பொட்டு கலையாமல் அப்படியே இருந்தது, பூ கட்டியவர்கள் அதைச் சுற்றித்தான் கட்டியிருந்தார்கள். நசீர் கல்யாணச் சட்டையோடு ஸ்டியரிங்கில் உட்கார்ந்தான். மூக்கைப் பொத்தவில்லை, ஆனால் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

நிக்காஹ் முடிந்து, பெண்ணை அழைத்துப் போக வண்டியைச் சந்துக்குள் ரிவர்ஸில் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். யாரும் வெளியே வரவில்லை. மாப்பிள்ளை கடிகாரத்தைப் பார்த்தார். பாய் செருமினார். உள்ளே பெண்கள் பேச்சுச் சத்தம் கேட்கிறது, ஒருவரும் கிளம்பின பாடில்லை. எனக்குப் பழைய கோபம் தலைகாட்டியது. என்ன வீடு இது, வாசலில் வண்டி நிற்கிறது, பொண்ணு வரவில்லை! கடைசியில் நசீர் ஹாரனை அடித்ததும்தான் ஜரீனா அவசரமாக வந்து எட்டிப் பார்த்தாள். “வண்டி வந்துடுச்சா? டொக்குன்னு கேட்டா கெளம்பலாம்னு உம்மா எல்லாரையும் உக்கார வெச்சுக்கினு இருக்காங்க!” பின்னாலேயே வந்த அவள் உம்மா, “சின்னப் புள்ளையிலேர்ந்து அந்தச் சத்தம் கேட்டாத்தான் இவ வாசலுக்கு ஓடுவா, நான் சோறு எடுத்து வெப்பேன்” என்று முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். பாய் சிரித்தாரா, அழுதாரா, இரண்டும் ஒன்றாகத்தான் இருந்தது.

ஜரீனா பின்சீட்டில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்தாள். வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் நழுவியது. சந்து முனையில் மீன் கூடைக்காரர்கள், கடைக்காரர்கள், டீ கிளாஸோடு நின்றவர்கள் என்று அவள் சொன்ன மாதிரியே பழவேற்காடு கை ஆட்டியது. அங்கே முன்னால் போய் நின்றிருந்த என்னைப் பார்த்ததும் நசீர் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள். ஒரு நன்றி வரப்போகிறது என்று, பாய் கட்டிக்கொடுத்த பொட்டலத்துப் பிரியாணியை வாயில் அடைத்திருந்த நான் நிமிர்ந்து நின்றேன். ஜன்னலில் தலையை நீட்டிச் சொன்னாள்: “அண்ணே, மறுவீட்டுக்கு வரும்போது எனக்கு அந்த டொக்கு மட்டும் திருப்பிப் போட்டுக் குடுங்க, ஆனா தண்ணி பாட்டில் ஆடக் கூடாது.”

சத்தத்தை நிறுத்துவதே பிழைப்பாகிப் போன சகோதரர்களே, நிறுத்தின சத்தத்தைத் திருப்பிக் கேட்கிற வாடிக்கையாளர் உங்களுக்கும் ஒரு நாள் வருவார், அது வெள்ளிக்கிழமையாக இல்லாவிட்டால் கத்தாமல் இருக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, வாய் நிறைய பிரியாணி வைத்துக்கொள்வதுதான்.